கவிழ்த்து வைத்த கிண்ணம்

எங்கள் தெருவில் நாய்ச் சத்தம் அடங்குவது மத்தியானம் ஒன்றரை மணிக்கு. அடங்கினால் அரை மணி நேரம் அப்படியே இருக்கும். அந்த அரை மணி நேரத்தில்தான் தங்கச்சி என் கடைக்கு வருவாள். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருக்கும். மேலெல்லாம் ஈர நாய் வாடை அடிக்கும். "உள்ள வரலக்கா, வாசல்லயே நிக்கறேன்" என்பாள். நான் ஸ்டூலை இழுத்துப் போடுவேன்.

என்னுடையது ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், காலை நீட்ட முடியாத ஒரு மேஜை. விண்ணப்பம் டைப் அடிப்பேன், ஃபாரம் நிரப்பிக் கொடுப்பேன், போட்டோவை ஓரம் வெட்டி ஒட்டித் தருவேன். கடை இருக்கும் அறை நாய் விடுதிக்காரருடையது. அறைக்குப் பின்னால் அவர் வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஷெட், அதில் பதினெட்டுக் கூண்டுகள். வெளியூர் போகிறவர்கள் நாயையும் பூனையையும் அங்கே விட்டுவிட்டுப் போவார்கள்.

விடுதிக்காரரின் கூடப்பிறந்தவள்தான் தங்கச்சி. அவர் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, நாய் விட வருகிறவர்கள், பால்காரர், நான் உட்படத் தெருவே அவளுக்கு அண்ணனாகிவிட்டது. அவளுக்கென்று ஒரு பேர் இருந்தது. விண்ணப்பத்தில் டைப் அடிக்கும்போதுதான் எனக்கே அது ஞாபகம் வரும். புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வந்த மறுநாளே ஷெட்டுக்குள் போனாள். அதற்கப்புறம் அவள் ஷெட்டைவிட்டு வெளியே வந்ததை நான் பார்த்தது மத்தியானம் அந்த அரை மணி நேரம் மட்டும்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷெட்டுச் சத்தத்தில் ஃபோன் பேச முடியாது. அதனால் விடுதிக்காரருக்கு யார் ஃபோன் செய்தாலும் என் கடைக்குள் வந்து, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார். "ஒரு நிமிஷம்க்கா" என்பார், கால் மணி நேரம் பேசுவார். நான் ஏதாவது ஒரு காகிதத்தைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருப்பேன். அவர் வீட்டு விஷயம் அவர் மனைவியைவிட எனக்கு அதிகம் தெரியும். அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தவள்தான் நான்.

அந்த வருடம் மழை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. தங்கச்சிக்கு முப்பத்து நாலு முடியப்போகிற நேரம். மிருக ஆஸ்பத்திரிகளில் உதவியாளர் வேலைக்கு முப்பத்தைந்துக்கு மேல் புதிதாக எடுப்பதில்லை என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து, அன்றிலிருந்து விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். பதினொன்று போட்டோம். பதில் போட்டது மூன்று பேர்தான், மூன்று பேருமே ஒரே பதில்: போதுமான முன்அனுபவம் இல்லை.

பன்னிரண்டாவது ஃபாரம் ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த பெரிய மிருக ஆஸ்பத்திரியுடையது. முன்அனுபவம் என்ற கட்டத்துக்கு வந்ததும் வழக்கம்போல "இல்லைன்னு போடுங்கக்கா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அஞ்சு வருஷமா உள்ள என்ன பண்ற? பல்லாங்குழி ஆடறியா?"

"அது அண்ணன் வீட்டு வேலைக்கா. அத எப்படி அனுபவம்னு சொல்றது? சம்பளம் வாங்கினாத்தானே வேலை."

"சம்பளம் வாங்காதது உன் தப்பு. வேலை செஞ்சது பொய் ஆயிடுமா? சொல்லு. காலையில எழுந்ததும் என்ன பண்ணுவ?"

"ஷெட்டு கழுவுவேன்."

"கூண்டுகளைக் கிருமி நீக்கிச் சுத்தம் செய்தல்" என்று அடித்தேன். அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஃபினாயில் ஊத்தி வெளக்குமாறு போட்டுத் தேய்க்கறதுதான்க்கா."

"ஆஸ்பத்திரிக்காரங்களும் அதத்தான் பண்ணுவாங்க. அடுத்தது."

"இன்ஸ்பெக்டருக்கு ஊசி போடுவேன்."

இன்ஸ்பெக்டர் என்பது சர்க்கரை வியாதி உள்ள ஒரு பூனை. மீசையும் நடையும் அப்படி. அதன் சொந்தக்காரி மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பாள். "நீரிழிவு உள்ள விலங்குகளுக்கு இன்சுலின் செலுத்துதல்" என்று அடித்தேன்.

சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாகிவிட்டது. நகம் வெட்டுவது, காது துடைப்பது, மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளி மூக்கில் ஊதி விழுங்க வைப்பது, கடிக்கிற நாய்க்கு வாய்க்கட்டு போடுவது, குட்டி போடும்போது கூட உட்கார்ந்திருப்பது, மூச்சுவிடாத குட்டியைத் துணியில் சுற்றித் தேய்த்து எழுப்புவது. மொத்தம் இருபத்திரண்டு வந்தது. கடைசியாக, "அப்புறம் கிண்ணம் கவுக்கறதுக்கா. அது வேணாம், அது சும்மா நானா பண்ற வேலை" என்றாள்.

மறுநாள் ஆபரேஷன் இருக்கும் மிருகத்துக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும். பலகையில் எழுதி வைத்தால் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. அதனால் தங்கச்சி அந்தக் கூண்டின் சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து, கூண்டுக்கு மேலேயே வைத்துவிடுவாள். கிண்ணம் கவிழ்ந்திருந்தால் எதுவும் கொடுக்கக் கூடாது. இருபத்து மூன்றாவதாக அதையும் சேர்த்து அடித்தேன்.

அனுபவச் சான்றிதழ் ஒன்று வேண்டியிருந்தது. அதையும் நானே டைப் அடித்தேன். விடுதிக்காரர் வந்து நின்றுகொண்டே படித்தார். அவர் சட்டைப்பையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும். ஷெட்டுக்குள் அவர் தலை தெரிந்தால் போதும், பதினெட்டும் கம்பியைப் பிறாண்டும். குளிப்பாட்டி, ஊசி போட்டு, மருந்து ஊட்டுகிறவளைக் கண்டால் பாதி நாய்கள் மூலையில் போய் உட்காரும். பிஸ்கட் கொடுக்கிறவருக்குத்தான் வாலாட்டல் எல்லாம்.

"அருமையா எழுதியிருக்கீங்கக்கா" என்று கையெழுத்துப் போட்டார். "என் தங்கச்சிக்கு நான் பண்ணாம யாரு பண்ணுவா." கீழே அவர் ஃபோன் நம்பரையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

பத்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு நாள் முழுக்க வேலை செய்து காட்டச் சொன்னார்கள். அன்று அண்ணியின் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், பகலெல்லாம் நின்றுகொண்டே இருப்பவள். அவளுடைய செருப்பு கால் வலிக்காத செருப்பு. சாயங்காலம் தங்கச்சி திரும்பி நேராக என் கடைக்கு வந்தாள். கையில் மூன்று கீறல், முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"ஒரு பூனை, யாரையும் கிட்ட விடலக்கா. நர்ஸம்மா துண்ட எடுத்துக் குடுத்தாங்க. நான் துண்ட கீழ விரிச்சுட்டு, பக்கத்துல முதுக காட்டிக்கிட்டு உக்காந்தேன். அதுவா வந்து துண்டுல உக்காந்துது. அப்படியே சுருட்டித் தூக்கிட்டேன். தலைமை நர்ஸு அத எழுதிக்கிட்டாங்க."

"கீறல்?"

"அது வேற பூனை." சிரித்தாள். "அப்புறம் ஒரு நாய்க்கு மத்தியானம் ஆபரேஷன். என் கை பழக்கத்துல போய்க் கிண்ணத்தக் கவுத்து மேல வச்சுடுச்சு. எதுக்குன்னு கேட்டாங்க. சொன்னேன். அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினாங்கக்கா. இவ்வளவு சுலபமா இருக்கு, நமக்கு ஏன் தோணலன்னு."

நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே தங்க அறை உண்டு, ஜன்னல் இருக்கிற அறை என்றாள். அவள் இருந்தது சாமான் அறை. நாய்த்தீனி மூட்டைகளுக்கு நடுவே ஒரு கட்டில்.

நாலாம் நாள் காலையில் நல்ல மழை. கரண்ட் இல்லை. மெஷின் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. விடுதிக்காரர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ஆமாங்க, என் தங்கச்சிதான். சொல்லுங்க... ரொம்ப நல்லவங்க. ஜீவன்கள்னா உயிரு... அஞ்சு வருஷமா, ஆமா."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரலை இறக்கினார்.

"நீங்க கேக்கறதால சொல்றேன். கொஞ்சம் மறதி ஜாஸ்தி. வேணும்னு இல்ல... ஒரு தடவை ஒரு நாய். ஆபரேஷனுக்குப் போற நாய். காலையில தீனி குடுத்துட்டா. மயக்கத்துல வாந்தி வந்து, புரையேறி, போயிடுச்சு... ஆமா, அவதான். சொந்தத் தங்கச்சிய சொல்லக் கூடாது, ஆனா ஆஸ்பத்திரி விஷயம், உயிர் விஷயம், மறைச்சா பாவம் பாருங்க... சரிங்க. வச்சிடறேன்."

ஃபோனைப் பையில் போட்டார். பிஸ்கட் இருக்கும் அதே பை. "மழை விடாது போலிருக்கேக்கா" என்றார். "ஆமா தம்பி" என்றேன்.

அது நடந்து இரண்டு வருடம். அந்த நாயின் பேர் கிளீனர். ஒரு லாரிக்காரருடைய நாய். லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய் வந்ததால் அந்தப் பேர். வயதாகிப் பல் கெட்டுப்போய், பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. லாரிக்காரர் லோடு ஏற்றப் போயிருந்ததால் விடுதியிலிருந்து கூட்டிப்போக ஏற்பாடு. கிண்ணம் கவிழ்த்துத்தான் இருந்தது. காலையில் அது முனகியது. விடுதிக்காரருக்கு ஒரு நாய் முனகினால் தாங்காது. சட்டைப்பையிலிருந்து நாலு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டார். கிளீனர் செத்துப்போன செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த லாரிக்காரர், வாந்தியைப் பார்த்துவிட்டு, அங்கே நின்ற அண்ணன் தங்கச்சியிடம் "ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். அண்ணன் முகத்தைப் பார்த்த தங்கச்சி, "ஒண்ணும் குடுக்கலண்ணே, ராத்திரி தின்னது தங்கிப்போச்சு போலிருக்கு" என்று சொல்லிவிட்டாள். அன்று மத்தியானம் என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லி அழுதாள். "அண்ணன் பேரு கெட்டா விடுதியே போயிடும்க்கா. நான் பொய் சொன்னா என்ன ஆயிடும்."

எனவே எனக்குத் தெரியும். யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரி நம்பர் என் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. ஒரு ஃபோன் போட்டு, நான் பக்கத்துக் கடைக்காரி, அவர் சொன்னது பொய் என்று சொல்லியிருக்கலாம். தங்கச்சியிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, காலி செய்யச் சொன்னால் இந்த வயதில் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அன்று மத்தியானம் அவள் வந்து, "இன்னும் ஃபோன் வரலக்கா" என்றபோது, "வரும், பொறு" என்றேன்.

பத்தாவது நாள் கடிதம் வந்தது. வருந்துகிறோம் என்று இரண்டே வரி. காரணம் இல்லை. அவள் அழவில்லை. அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "நான் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டுட்டு வரேன்க்கா. தெரிஞ்சாத்தானே திருத்திக்க முடியும்" என்றாள். நான் வேண்டாம் என்றேன். "கேட்டு என்ன ஆகப்போகுது, வேற எடத்துல போடுவோம்" என்றேன். அவளுடைய நன்மைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

போனாள். சாயங்காலம் திரும்பியபோது குடை இருந்தும் விரிக்காமல் நனைந்துகொண்டு வந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை.

"தலைமை நர்ஸப் பாத்தேன். உள்ள கூட்டிட்டுப் போனாங்க. எல்லாக் கூண்டு மேலயும் பாத்தேன்க்கா. ரெண்டு எடத்துல கிண்ணம் கவுந்திருக்கு."

நான் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அவங்களே சொன்னாங்க. நீ சொல்லிக் குடுத்தத வச்சுக்கிட்டோம், உன்ன வச்சுக்க முடியலன்னு. எங்களுக்கும் வருத்தம்தான், ஆனா இதே கிண்ணத்துல தப்புப் பண்ணி ஒரு நாய் செத்திருக்கேம்மா, நாங்க எப்படி எடுக்கறதுன்னு. யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். உங்க அண்ணன்தான், மனசே இல்லாமத்தான் சொன்னாரு, அவர கோவிச்சுக்காதேன்னாங்க."

"அடப்பாவி" என்றேன். என் காதுக்கே அது நாடகத்தில் பேசுவதுபோல இருந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாய் பேசாத ஜீவன்களின் காதையும் கண்ணையும் பார்த்தே எங்கே வலிக்கிறது என்று சொல்கிறவள் அவள். என்னைப் படிக்க எத்தனை நேரம் ஆகும்?

"அக்கா, அண்ணன் ஃபோன்னா இங்க வந்துதானே பேசுவாரு."

"மெஷின் ஓடிக்கிட்டு இருந்துதும்மா. எனக்கு ஒண்ணும் காதுல விழல."

எந்த ஃபோன், எந்த நாள் என்று அவள் சொல்லவே இல்லை. வாயை விட்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மேஜைமேல் கிடந்த அவளுடைய சான்றிதழ் நகலை எடுத்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நானும் வெட்கமில்லாமல் பின்னாலேயே போனேன்.

ஷெட்டில் சாயங்காலத் தீனி நேரம். விடுதிக்காரர் வாளியில் தீனி கலந்துகொண்டிருந்தார். அன்று அவள் இல்லாததால் எல்லாமே தாமதம், பதினெட்டும் கத்திக்கொண்டிருந்தன. அண்ணி வேலையிலிருந்து வந்த உடையோடு கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிட்ட? உன்ன காணோம்னு எல்லாம் கத்துது பாரு" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளீனருக்கு நான் தீனி குடுத்தேன்னு சொன்னியா?"

அவர் வாளியைக் கலக்குவதை நிறுத்தவில்லை. "அவங்கதான் துருவித் துருவிக் கேட்டாங்க."

"சொன்னியா?"

"எதுக்கு அங்க போய் அடுத்தவன் கிட்ட கை கட்டி நிக்கணும்? இது உன் வீடு. இங்க உனக்கு என்ன குறை?"

"சொன்னியா இல்லயாண்ணா?"

"ஒரு குறையாவது சொல்லுங்கன்னு கேட்டாங்க. குறையே இல்லன்னு சொன்னா எடுத்துக்குவாங்க." கரண்டியை வாளியில் விட்டுவிட்டு நிமிர்ந்தார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. "நானும் யோசிச்சேன். உன்மேல சொல்றதுக்கு எனக்கு ஒண்ணுமே கெடைக்கலம்மா. இந்த ஷெட்டுல நடந்த தப்புன்னா அது ஒண்ணுதான். அதான் வாயில வந்துது."

"அது உன் தப்புண்ணா."

"தெரியும்."

"நான் அத உனக்காக மறைச்சேன். லாரிக்காரண்ணன் மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னேன். நான் ஒளிச்சு வச்சத நீ எடுத்து என் தலையிலயே போட்டுட்ட."

"நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அண்ணி கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். "நீ போனா மறுநாளே இந்த வாளி என் கைக்கு வரும். அது எனக்குத் தெரியும். போகாம இருந்தா நல்லாருக்கும்னு நானும் நினைச்சேன், இல்லன்னு சொல்லல" என்றாள். "ஆனா இப்படிச் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாது. பச்சைத் துரோகம்ங்க இது."

 தங்கச்சி வாளியை அண்ணன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பதினெட்டுக் கூண்டுக்கும் ஒவ்வொன்றாகத் தீனி வைத்தாள். இன்ஸ்பெக்டருக்கு ஊசி போட்டாள். ஏழாம் கூண்டு நாய்க்கு மறுநாள் ஆபரேஷன். அதன் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து மேலே வைத்தாள். வேலை முடிந்ததும் கை கழுவிக்கொண்டு சாமான் அறைக்குப் போய், வந்தபோது கொண்டுவந்த அதே பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைக் கடந்துதான் போக வேண்டும். நான் ஓரமாக நகர்ந்து வழி விட்டேன்.

நாய் விடுதியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் விடுதிக்குப் போயிருக்கிறாள் என்று அண்ணி சொன்னாள். அதற்குமேல் எனக்குத் தகவல் இல்லை. அந்த வார முடிவில் அவள் தெரு முனையில் வருவதைப் பார்த்தேன். கையில் ஒரு ஃபாரம். ஸ்டூலைக்கூட இழுத்துப் போட்டுவிட்டேன். அவள் என் கடையைத் தாண்டி, எதிர்ச்சாரியில் புதிதாக வந்த ஜெராக்ஸ் கடைக்குள் போனாள். அந்தப் பையனுக்கு வரியை நேராக அடிக்கத் தெரியாது. அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

லாரிக்காரர் என்னிடம் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. லைசென்ஸ் நகல் எடுக்க வந்தார். கிளீனர் போனதிலிருந்து இந்தத் தெருப்பக்கமே தலைகாட்டாதவர். நகல் எடுத்து முடித்ததும் தானாகப் பேசினார்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்துதும்மா. உள்ள கூட வரல. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லுச்சு. பிஸ்கட் குடுத்தது யாரு, பொய் சொன்னது யாரு, எல்லாம். என்ன வேணா திட்டுங்கண்ணேன்னு நின்னுச்சு."

"திட்டினீங்களா?"

"ரெண்டு வருஷமா என்னைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். மொத நாள் ராத்திரி நான்தான் கொஞ்சம் ஜாஸ்தியா தின்னக் குடுத்துட்டுப் போனேன். நான் குடுத்ததுதான் தங்கிப்போய் அவன கொன்னுடுச்சுன்னு." லைசென்ஸைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "அந்தப் பாரத்த அது ரெண்டு வருஷம் என்ன சுமக்க விட்டுச்சு. அதுக்கு எனக்குக் கோவம்தான். கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வந்து சொன்னது அது ஒண்ணுதானே."

ஃபாரத்தில் யாரிடம் விசாரிக்கலாம் என்ற கட்டத்தில் அவர் பேரை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாளாம். எழுதிக்கொள், யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்வேன், உனக்குச் சாதகமாகவும் சொல்ல மாட்டேன், பாதகமாகவும் சொல்ல மாட்டேன் என்றாராம். அவள் அது போதும் என்றாளாம்.

கிளம்பும்போது கேட்டார். "நீங்க இங்கயே இருக்கறவங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியாதா?"

தெரியும் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அத்தனை நாள் ஆகியிருந்தது, அதுவும் அதைக் காதால் கேட்க வேண்டியவள் இல்லாத இடத்தில். 

அடுத்த திங்கட்கிழமை விடுதிக்காரர் வந்தார். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. முழங்கையில் ஒரு கடி, கட்டுப் போட்டிருந்தார். "ஆள் தேவைன்னு ஒரு நோட்டீஸ் அடிக்கணும்க்கா. அவளுக்கு அடிச்சது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல. அதையே எடுத்துப் பேர மட்டும் மாத்திடுங்க."

எடுத்தேன். மேலே அவளுடைய பேர் இருந்தது, முழுப் பேர். அதை அழித்துவிட்டு, ஆள் தேவை என்று அடித்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

"இவ்வளவுமா?"

"நீங்க கையெழுத்துப் போட்டதுதான் தம்பி."

"ஒரு ஆளால முடியாதுக்கா. ரெண்டு பேர்னு போடுங்க." கொஞ்சம் யோசித்தார். "முன்அனுபவம் கண்டிப்பா வேணும்னும் போடுங்க. விசாரிச்சுத்தான் எடுப்போம்னு."

போட்டேன். அச்செடுத்து என் கண்ணாடிக் கதவிலேயே ஒட்டினார். கடைசி வரியை மட்டும், அந்த இருபத்து மூன்றாவதை மட்டும், அவரே அழிக்கச் சொல்லியிருந்தார்.

அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு நாய்கள் அடங்கவில்லை. அவள் போனதிலிருந்தே அடங்குவதில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் தங்கச்சி வந்தாள். விட்டுப்போன போர்வையையோ எதையோ அண்ணி எடுத்துவந்து தெருவிலேயே கொடுத்தாள். திரும்பும்போது கதவில் இருந்த நோட்டீஸைப் பார்த்து நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நடுவில் அந்தக் காகிதத்தின் முதுகு. முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். மறுபடியும் கடைசி வரிக்கு வந்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்துக் கண்ணாடியில் வைத்தே கீழே ஏதோ எழுதிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் போய்விட்டாள். இன்னும் மூன்று வாரத்தில் அவளுக்கு முப்பத்தைந்து. வேலை கிடைத்ததா என்று கேட்க எனக்கு வாயில்லை.

வெளியே போய்ப் பார்த்தேன். அவளுடைய குண்டுக் கையெழுத்து. கிண்ணம் கவிழ்த்து வைத்திருந்தால் எதுவும் கொடுக்கக் கூடாது, பிஸ்கட்டும்.

சாயங்காலம் விடுதிக்காரருக்கு ஃபோன் வந்தது. வேலை கேட்டு யாரோ. காதில் வைத்துக்கொண்டே என் கடைக்கு வந்தவர், கதவில் கை வைத்த இடத்தில் அந்த வரியைப் பார்த்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. "ஒரு நிமிஷம்க்கா" என்று உள்ளே வந்து கதவைச் சாத்தப் போனார்.

"வெளிய போய்ப் பேசுங்க தம்பி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒப்பந்தத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நான் எழுந்து போய்க் கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தெருவில் இறங்கி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அத்தனை நாய்ச் சத்தத்துக்கும் நடுவில் கத்திப் பேசினார். பேசியதெல்லாம் தெருவுக்கே கேட்டது.